கேரியரில் இருந்தவன்

...பாதசாரியா, சைக்கிளா? மத்தியானம் புள்ளிவிவர ஆபீஸில் விபத்துப் பட்டியலில் பாதசாரி என்றுதான் லட்சுமணன் கோடு போட்டான், ஆண், பதினாறிலிருந்து இருபத்தைந்து, உயிரிழப்பு. காவல் நிலையத்துத் தாளில் 'சாலையில் நடந்து சென்றவர்' என்றல்லவா இருந்தது, ஆனால் அதே தாளின் அடியில், நண்பரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தவர், போலீஸைக் கண்டு குதித்து இறங்கியவர், லாரி... இறங்கி இரண்டு எட்டு வைத்தால் நடப்பவன் ஆகிவிடுவானா? மேலதிகாரி பரந்தாமன் சாரிடம் கேட்டிருக்கலாம், கேட்டால் இதுகூடத் தெரியாமல் ஏன் வேலைக்கு வந்தாய் என்பார், கேட்காமல் தப்பாகப் போட்டிருந்தால்?

இப்போது அவனே கேரியரில். ஆவடியிலிருந்து அம்பத்தூர் மாலை வகுப்புக்கு, ஷவுகத் அலியின் முதுகுக்குப் பின்னால், தினமும் போகிற டபுள்ஸ்தான், இன்றைக்கு மட்டும் பின்னால் கேட்கிற ஒவ்வொரு ஹாரனும் பிடரியில் வந்து விழுகிறது. திருமுல்லைவாயல் திருப்பத்தில் போலீஸ்காரரின் வெள்ளைச் சட்டை.

"எறங்கு மாமே, நிக்கிறாரு பாரு."

"நிறுத்துடா, எறங்குறேன்."

"நிறுத்தினா டபுள்ஸ்னு கண்டுகினு டயர்ல காத்தைப் புடுங்கி உட்ருவாரு. அப்பால டெஸ்ட்டு யாரு எய்துவா, உங்க நைனாவா? குதிடா!"

எல்லாரும் ஓடுகிற சைக்கிளிலிருந்துதான் குதிக்கிறார்கள், அவனும் எத்தனையோ தடவை குதித்தவன்தான்... பின்னால் வருவது பஸ்ஸா லாரியா, கழுத்து திரும்பமாட்டேன் என்கிறது, இடது பக்கம் குதிக்க வேண்டும், செத்துப்போனவன் எந்தப் பக்கம் குதித்தான், தாளில் அது இல்லை, அதற்குக் கட்டமே கிடையாது... குதித்துவிட்டான். செருப்பு வழுக்கியது, முழங்கால் சரளையில் தேய்ந்தது, தோளை உரசினாற்போல் ஒரு சூடான காற்று, டீசல் நாற்றம், பஸ் படிக்கட்டிலிருந்து கண்டக்டரின் குரல்: "இன்னாடா, ஊட்ல சொல்லிகினு வந்தியா?"

பஸ் போய்விட்டது. கை இருக்கிறது, கால் இருக்கிறது. போலீஸ்காரர் இந்தப் பக்கம் பார்க்கவேயில்லை, யாரோ ஒரு வேன்காரனிடம் பேசிக்கொண்டிருக்கிறார், இவ்வளவுதானா, இதற்குத்தானா...

திருப்பத்தைத் தாண்டி ஷவுகத் நிற்கிறான், ஒரு காலைத் தரையில் ஊன்றி, உடம்பை முழுக்கத் திருப்பி. எப்போதும் சிரிக்கிறவன், சிரிக்கவில்லை. "மச்சான்... அடி கிடி பட்டுச்சா?" லட்சுமணன் இல்லையென்று தலையாட்டினான். அந்தத் தாளில் சைக்கிள் ஓட்டியவனுக்கு வயது போடவில்லை, பெயரும் இல்லை, 'நண்பர்' என்று மட்டும்தான். அவனும் இப்படித்தான் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்திருப்பான்.

"ஏறு மச்சான், நேரமாவுது."

தாளில் இருந்த அந்த நண்பன், அந்த சைக்கிளை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பான்?