ஞாயிற்றுக்கிழமை அறையில் இருந்த ஜெட்

"அம்மா, இன்ஜின் பொய் சொல்லுமா?"

மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி. சோதனை அறைக் கண்ணாடிக்கு வெளியே, தன் தலையைவிடப் பெரிய காதடைப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே ஒரு பந்தய வண்டி உருளையின் மேல் நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லாது கண்ணு," என்றாள் அம்மா. "ஆனா கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நாம கேக்காதத அதுவா வந்து சொல்லாது."

குழந்தை அந்தப் பதிலோடு விளையாடப் போய்விட்டது. அம்மாவும் மறந்துவிட்டாள். மூன்று வருடம் கழித்து, மாஸ்டர் தன் மகனின் வண்டியோடு அவள் பட்டறை வாசலில் வந்து இறங்கிய அன்றுதான் அது மறுபடி நினைவுக்கு வந்தது.

பந்தயக்காரர்கள் அவளை ஜெட்டக்கா என்பார்கள். மண்பாதையில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைச் சோதித்து, சரியான ஜெட்டைப் போட்டுத் தருவது அவள் தொழில். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு பித்தளைத் திருகு. நடுவே கடுகளவு துளை. இன்ஜின் குடிக்கும் பெட்ரோல் எல்லாம் அந்தத் துளை வழியாகத்தான் போகவேண்டும். துளை பெரிதானால் வண்டி கொஞ்சம் மந்தமாக ஓடும், ஆனால் பத்திரமாக ஓடும். சிறிதானால் சக்தி ஏறும். இன்னும் சிறிதானால் இன்னும் ஏறும். டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலில் கலந்துதான் உள்ளே போகிறது. ஓர் அளவுக்குக் கீழே போனால் பிஸ்டன் காய்ந்து, சூடேறி, சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அப்படிக் கவ்வுவதற்கு முந்தின நொடியில்தான் அந்த இன்ஜின் தன் ஆயுளிலேயே மிக நன்றாக ஓடும்.

ஜெட்டுகளை அவள் மாத்திரை டப்பாவில் வைத்திருந்தாள். ஏழு அறைகள், ஒவ்வொரு மூடியிலும் ஒரு கிழமையின் பெயர்.

"என்ன ஜெட்டக்கா, இன்னும் மாத்திரை டப்பாதானா?" என்றபடி மாஸ்டர் உள்ளே வந்தார். "செவ்வாய்க்கிழமை மாத்திரை சாப்பிட்டா வண்டி இருமாதா?"

"இருமுற வண்டிய இங்க கொண்டு வந்தது நீங்கதான் மாஸ்டர்."

"என் உருளைல பேரிங் போயிடுச்சு. இல்லேன்னா உன் வாசப்படிய மிதிச்சிருப்பேனா? நாளைக்கு காலைல இறுதிப் பந்தயம்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பழச மனசுல வச்சுக்காதம்மா. நீ பண்ணின தப்ப நானே மறந்துட்டேன், பாரு."

அவள் கையிலிருந்த துணியை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் அவள் இந்த மாஸ்டரிடம்தான் வேலை பார்த்தாள். அவளுடைய தம்பி அவர் அணிக்காக வண்டி ஓட்டினான். இறுதிப் பந்தயத்துக்கு முந்தின மத்தியானம் வெயிலில் சோதனை முடிந்தது. ஆனால் பந்தயம் மறுநாள் காலைக் குளிரில். குளிர்ந்த காற்று அடர்த்தியானது; அதற்கு ஈடாகப் பெட்ரோலும் அதிகம் போகவேண்டும். அதனால் அவள் சோதனைக்குப் போட்டிருந்த ஜெட்டைக் கழற்றிவிட்டு, நூற்று எண்பது என்று எண் பொறித்த பெரிய ஜெட்டை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். அவள் போனபிறகு மாஸ்டர், யாருக்கும் தெரியாமல், சோதனைத் தாளில் அதிகச் சக்தி காட்டிய சின்ன ஜெட்டையே திரும்ப மாட்டினார்.

ஐந்தாவது சுற்றில், நீண்ட நேர்வழியில், இன்ஜின் கவ்வியது. பின்சக்கரம் பூட்டிக்கொள்ள, தம்பி தூக்கியெறியப்பட்டு ஓரத்துக் குட்டையில் குப்புற விழுந்தான். மாஸ்டர் கார்புரேட்டரைத் திறந்து சின்ன ஜெட்டை எல்லோருக்கும் காட்டினார். "போட்டது அவன் அக்காதான்," என்றார். அவள் போட்ட நூற்று எண்பது மறுநாள் மாஸ்டரின் மேஜைத் தட்டில் கிடந்தது. அதை எடுத்துக் காட்டினாள். ஒரு ஜெட் எங்கு வேண்டுமானாலும் கிடக்கும் என்று சிரித்தார்கள்.

வேலை போனதையும் பேர் போனதையும் அவள் தாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தம்பி ஒரே ஒருமுறை, சுவரைப் பார்த்தபடி கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"அக்கா, நீ நிஜமாவே பெரிசுதான போட்ட?"

"பெரிசுதாண்டா போட்டேன்."

"சரி," என்றான். அந்தச் 'சரி'யில் அவன் நம்பினானா இல்லையா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இன்னொன்றும் அவன் சொன்னான். குட்டையில் முகம் முழுக, ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, யாரோ ஒருவர் வந்து அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாராம். இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் ஆள் இல்லை என்றார் மருத்துவர். அவள் ஓடிச் சேர்ந்தபோது அந்த மனிதர் அங்கே இல்லை. தினமும் காலையில் வேலை தொடங்குமுன் அவள் செய்யும் சின்ன ஜெபத்தில், முகம் தெரியாத அந்த மனிதருக்கும் ஒரு வரி உண்டு. கடவுளே, அந்தக் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்.

மாஸ்டர் வருகிறார் என்று தெரிந்ததால் இன்று காலை அவள் ஜெபமே செய்யவில்லை. மனதில் இருந்ததை வைத்துக்கொண்டு கைகூப்ப முடியவில்லை.

"இது என் பையன்," என்றார் மாஸ்டர். "மாமன் வீட்ல வளர்ந்தவன், நீ பாத்திருக்கமாட்ட. பேரு சொன்னா யாருக்கும் தெரியாது, பாதிவழின்னா எல்லாருக்கும் தெரியும்."

வண்டியின் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞன் நிமிரவில்லை.

"மாமன் அணிக்கு ஓட்டினப்ப, ரெண்டாவது இடத்துல போயிட்டிருந்தவன், நடுவழியில நிறுத்திட்டு எறங்கி நின்னுட்டான். வண்டில ஒரு கோளாறும் இல்ல. கேட்டா, பயந்துட்டேன்னான். இப்பத்தான் என்கிட்ட வந்திருக்கான். நாளைக்கு நேர்வழில யாரும் இவன் கிட்டக்கூட வரக்கூடாது. எனக்கு நாப்பது குதிரைசக்தி வேணும். தாள்ல என்ன ஜெட் வருதோ அதுதான் நாளைக்கு ஓடும். அதுக்கப்புறம் எவனும் அதத் தொடக்கூடாது."

"நாளைக்கு காலைல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர். தாள்ல வர்றதுதான்."

அவர் பந்தயக்காரர்களைப் பார்க்கக் கிளம்பிப் போனார். அவள் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றாள். மூன்று வருடம் பசித்திருந்தவள் முன்னால் இலை போட்டதுபோல் இருந்தது.

அந்த மனிதர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. தப்பு அவளுடையது என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே அதை நம்பிவிட்டார். பொய் சொன்னவருக்கு வரும் முதல் நஷ்டம் இதுதான். அந்தத் தப்பிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம் அவருக்குக் கிடைக்காமலே போகிறது. நாளைக்கும் அவர் மத்தியானத்து ஜெட்டைக் காலைக் குளிரில் ஓடவிடப் போகிறார். அவள் ஒன்றுமே செய்யவேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

இளைஞன் வண்டியில் ஏறினான். அவள் கை காட்ட, முழுவதும் முறுக்கினான். எட்டு நொடி. சுவர்கள் அதிர்ந்தன. திரையில் கோடு ஏறி இறங்கியது. நூற்று எழுபத்தெட்டு ஜெட்டுக்கு முப்பத்தெட்டு குதிரை. நூற்று எழுபத்தைந்துக்கு முப்பத்தொன்பது. நூற்று எழுபத்திரண்டுக்கு நாற்பது புள்ளி இரண்டு. வண்டியை நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பிஸ்கட் நிறம். இன்றைய வெயிலுக்கு இதைவிடச் சரியான ஜெட் கிடையாது.

தாளை அச்சிட்டாள். நேரம், இரண்டு மணி. அறை வெப்பம், முப்பத்தாறு. ஜெட், நூற்று எழுபத்திரண்டு. ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. நாளை காலை எட்டு மணிக்குப் பதினெட்டு டிகிரிதான் இருக்கும். எட்டு நொடியில் கவ்வாத பிஸ்டன் நேர்வழியின் இருபது நொடியில் கவ்வும். பிறகு தாளைக் கேட்பார்கள். வெப்பம் முப்பத்தாறு என்று படிப்பார்கள், அடியில் மாஸ்டரின் கையெழுத்தைப் பார்ப்பார்கள். அப்போ அன்னைக்கும் இவர்தானா என்று ஒருவராவது கேட்பார். தம்பியின் காதுக்கு அது வந்து சேரும். மாஸ்டரின் வீட்டிலும் தம்பியைப்போல முட்டி மடங்காத ஒரு பிள்ளை இருக்கட்டும். படிக்கட்டில் அந்தக் கால் இழுபடும் சத்தத்தை அவரும் தினமும் கேட்கட்டும்.

அப்படி நினைத்தபோது அவளுக்கு இனித்தது. இனித்தது என்பதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

ஐந்து மணிக்கு மாஸ்டர் வந்தார். நாற்பது புள்ளி இரண்டைப் பார்த்ததும் தாளை முத்தமிடாத குறை. "கை ராசி போகல உனக்கு," என்றார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, வேனைப் பின்பக்கம் கொண்டுவரப் போனார்.

இளைஞன் தரையில் குந்தியிருந்தான். உருளைக்குப் பக்கத்தில் சிந்தியிருந்த எண்ணெயைப் பழைய துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தான்.

"அத விடுங்க, நான் பாத்துக்கறேன்."

"வழுக்கிடும்கா. நீங்க இந்தப் பக்கம்தான நடக்கறீங்க."

அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவன் நல்லவனாக இருக்கவேண்டாம் என்று தோன்றியது. கோழையாக இருந்துவிட்டால் சுலபம். அதற்காகவே கேட்டாள்.

"அன்னைக்கு எதுக்கு பயந்தீங்க?"

அவன் துணியைத் திருப்பி மடித்தான். "பயப்படலக்கா. முன்னாடி போனவர் விழுந்துட்டார். மூஞ்சி குட்டைக்குள்ள இருந்துச்சு. கழுத்து அடிபட்டிருந்தா அசைக்கக்கூடாதுன்னு சொல்வாங்கல்ல. அதனால ஆளத் தூக்காம, ஹெல்மெட்ட மட்டும் தண்ணிக்கு மேல பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். ஆளுங்க ஸ்ட்ரெச்சரோட வந்ததும் போயிட்டேன்."

அவள் கையில் பூதக்கண்ணாடி இருந்தது. அதை மேஜையில் வைத்தாள். வைத்ததை மறுபடி எடுத்தாள்.

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். அதுக்குன்னு ஆளுங்க நிக்கறாங்க, உன்ன யாரு நிறுத்தச் சொன்னான்னு கேட்டார். அப்புறம் பயந்துட்டேன்னு மாத்திச் சொன்னேன், ஒரு திட்டோட முடிஞ்சுது." லேசாகச் சிரித்தான். பிறகு தயங்கிச் சொன்னான். "அவர் உங்க தம்பின்னு இன்னைக்கு வர்ற வழிலதான் அப்பா சொன்னார். கேக்கலாமான்னு தெரியல. இப்ப படி ஏறுவாரா?"

"ஏறுவான்," என்றாள். "பக்கவாட்டுல ஏறுவான்."

"ஏறிடறாரா. நல்லது." உண்மையாகவே பாரம் இறங்கியதுபோல் அவன் தலையாட்டினான். எண்ணெய் பிடித்த அந்த இரண்டு கைகளையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

வெளியே ஹாரன் அடித்தது. "டேய் பாதிவழி, வண்டி ஏத்தற பலகையப் பிடிக்க வாடா," என்று மாஸ்டரின் குரல்.

"போங்க தம்பி," என்றாள் அவள். காலையிலிருந்து அவனை அவள் அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை. "வண்டிய நான் உருளைலேந்து அவுத்து வைக்கறேன்."

அவன் போனான். கதவு தானாக மூடிக்கொண்டது.

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சொன்னால் அவன் அப்பாவிடம் கேட்பான். அப்பா சட்டைப்பையிலிருந்து தாளை எடுப்பார். அத்தோடு தீர்ந்தது. இது சொல்லிச் செய்கிற வேலையில்லை.

மாத்திரை டப்பாவில் ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தாள். அதில் ஒரே ஒரு ஜெட்தான் இருந்தது. மூன்று வருடமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த நூற்று எண்பது. தன் பக்கம் இருந்த ஒரே சாட்சி. என்றாவது ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் அதை மேஜையில் வைக்கவேண்டும் என்று வைத்திருந்தது.

மண்டியிட்டு, கார்புரேட்டரின் அடியில் இருக்கும் பித்தளை மூடியைத் திருகினாள். கொஞ்சம் பெட்ரோல் விரல் வழியே வழிந்தது. சின்ன ஜெட்டைக் கழற்றினாள். பெரியதை விரலாலேயே சுழற்றி ஏற்றி, கடைசிக் கால் சுற்றை மட்டும் ஸ்பேனரால் கொடுத்தாள். அன்று ஒருவர் யாருக்கும் தெரியாமல் செய்த அதே வேலை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாளை வண்டி ஓடும். குளிரில் நன்றாகவே ஓடும். ஜெயித்தால் மாஸ்டர் தன் பேரைச் சொல்லிக்கொள்வார். தம்பி கேட்ட கேள்வி கேட்டபடியே இருக்கும்.

மூடியை இறுக்கி, வழிந்த பெட்ரோலைத் துடைத்தாள். எழுந்திருக்காமல், மண்டியிட்ட நிலையிலேயே காலையில் விட்டுப்போன ஜெபத்தைச் சொன்னாள். அந்தக் கைகளைப் பற்றிய வரியும் அதில் இருந்தது. பிறகு கையிலிருந்த நூற்று எழுபத்திரண்டை ஞாயிற்றுக்கிழமை அறையில் போட்டு மூடினாள்.