பல் டாக்டருக்கு வந்த ஃபோன்

காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் பதினேழு ஃபோன். பதினேழு பேருக்கும் பல்வலி. பிரிண்டிங் கடைக்காரிக்குத் தலைவலி.

"பல் டாக்டருங்களா?"

"இல்லைங்க, பிரிண்டிங் கடை. ராங் நம்பர்."

நான்கு நாளாகக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் விடாமல் மூன்று முறை அழைத்து, தன் கடைவாய்ப் பல்லின் கதையை முழுசாகச் சொல்லி முடித்தார். தொட்டதற்கெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் அவள். ஃபோன் இன்னும் உடையாமல் இருப்பதே பெரிய விஷயம்.

"நம்பரை மாத்திடேன்" என்றார் கணவர், பேப்பர் கட்டை இறக்கி வைத்தபடி.

"மாத்த மாட்டேன்."

ஏன் என்று அவருக்குத் தெரியும். அவளுடைய அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது. இரண்டு வருஷத்துக்கு முன், கடை திறந்த அன்று, வந்தவர்கள் எல்லார் முன்னாலும் அக்கா சொன்னாள்: "இவ எதையும் ரெண்டாவது தடவை பார்க்க மாட்டா. எத்தனை நாளைக்குக் கடை ஓடுதுன்னு பார்ப்போம்."

"இனிமே எனக்கு ஃபோன் பண்ணாத" என்றாள் இவள். அக்காவும் பண்ணவில்லை. பிறந்ததிலிருந்து அவள் தங்கை பேச்சைக் கேட்டது அந்த ஒரு முறைதான். தானே கூப்பிட இவளுக்கு வீம்பு விடவில்லை. ஆனால் ஃபோன் மணி அடிக்கும்போதெல்லாம், அக்காவோ என்று மனசு அடித்துக்கொள்ளும்.

பதினெட்டாவது ஆளிடம் கேட்டாள். "இந்த நம்பர் யாருங்க கொடுத்தா?"

"பேப்பரோட வந்த நோட்டீஸ்லதாம்மா. பச்சைக் கலர். மூலையில ஒரு பல்லு சிரிக்குது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பல்லைச் சிரிக்க வைத்தவளே அவள்தான். வாடிக்கையாளர் நம்பர் தருகிறவரை டிசைனில் தன் நம்பரைப் போட்டு வைப்பது அவள் வழக்கம். டாக்டர் தன் நம்பரைத் தந்தார். இவள் மாற்ற மறந்தாள். இரண்டாயிரம் நோட்டீஸ் வீடு வீடாகப் போய்விட்டது.

டாக்டரிடம் நேரில் போய் உண்மையைச் சொன்னாள்.

"நாலு நாளா ஈ ஓட்டிட்டு இருக்கேம்மா" என்றார் அவர். அசடு வழிய நின்றாள். புது நோட்டீஸ் அடித்துத் தருவதாகவும், அதுவரை ஃபோன் பண்ணுகிறவர்களுக்குத் தானே நேரம் குறித்துக் கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஃபோனில் அவள் குரலே மாறிவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம், நேரம் குறிக்கிற நோட்டில் கண்ணை வைத்துக்கொண்டு, யாரென்று பார்க்காமலே ஃபோனை எடுத்தாள்.

"பல் கிளினிக். சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஒரு செருமல். "டாக்டரைப் பார்க்கணும்."

பேனா நின்றது. அந்தச் செருமலை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"எந்தப் பல்லு?" என்றாள்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நோட்டீஸ்ல உன் நம்பரைப் பார்த்தேன். ரெண்டாவது தடவை பார்க்கிற பழக்கம் இன்னும் வரலை போல."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. கண்தான் நிறைந்தது.

"உனக்குப் பண்ணாதன்னு சொன்ன. நானும் பண்ணலை" என்றாள் அக்கா. "டாக்டருக்குப் பண்ணலாம்ல?"

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் அஞ்சு மணி. கடைக்கு வா."

நோட்டில் அஞ்சு மணி என்று எழுதினாள். எழுதியதை ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டாள்.