ஆற்றை அடைத்து உட்கார்ந்தேன்

எங்கள் குடும்பம் எந்தத் தண்ணீருக்குப் போனாலும் கரையில் பை காப்பது நான்தான். செருப்பு, கைக்கடிகாரம், ஒருமுறை மாமாவின் பல்செட்கூட என் மடியில் இருந்திருக்கிறது. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என்னைப் பார்த்தாலே தெரியும். தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து, ஒன்பது நாற்காலிகளை முடித்துவைத்து ஓய்வு பெற்றவள் நான்.

போன மே மாதம் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லியோனோரா அண்ணி வந்தாள். அண்ணனையும் பிள்ளைகளையும் சேர்த்து எட்டுப் பேராக, குகைக்குள் ஓடும் ஆற்றில் காற்றடைத்த ரப்பர் டியூபில் உட்கார்ந்து மிதக்கப் போனோம். இறங்கியதுமே அண்ணி தன் பையை என்னிடம் நீட்டினாள்.

“பாத்துக்க எர்னி. உள்ள பீன்ஸ் சோறு இருக்கு. நாங்க வர்றதுக்குள்ள தீத்துடாத.”

“இன்னைக்கு நான் பை காக்க வரல அண்ணி. மிதக்க வந்திருக்கேன்.”

அண்ணி என்னை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை பார்த்தாள். அதற்கே அரை நாள் பிடித்தது.

“நீ மிதந்துடுவ. டியூபு மிதக்கணுமே.”

வழிகாட்டி எலிசியோ சோக் பைகளை வண்டியில் வைத்துப் பூட்டினான். உயிர்காப்புச் சட்டை அடுக்கின் அடியிலிருந்து பெரியதை உருவி எனக்கு மாட்டிவிட்டான். அங்கேயே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

முதல் டியூபில் நான். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் கக்கத்தில் காலைச் செருகிக்கொள்ள வேண்டும். எட்டுப் பேரும் ஒரே சங்கிலி. என் கக்கத்தில் அண்ணியின் கால்கள். டியூபின் ஓட்டை என்னை உள்ளே விடவில்லை. பானைக்கு மூடிபோல மேலே உட்கார்ந்திருந்தேன். ஒல்லிக்குச்சி அண்ணியோ ஓட்டைக்குள் மடங்கிப்போய், முட்டி இரண்டும் காதில் இடித்தன.

மழை வராத மே மாதம். குகைக்குள் ஆறு கணுக்கால் அளவுக்குத்தான் ஓடியது.

“பின்பக்கத்தத் தூக்குங்க” என்று எலிசியோ கத்தும்போதெல்லாம் எல்லோரும் தூக்கினோம். அண்ணியால் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் அவளிடமிருந்து ஒரு முனகல் வந்தது. கல் நிறைய இருந்தது.

அப்புறம் இரண்டு பாறைகளுக்கு நடுவே என் டியூப் சிக்கியது. அசையவில்லை. தலைவிளக்கு வெளிச்சத்தில் வௌவால்கள்கூட என்னைத்தான் பார்த்தன. இனி நாற்பது வருஷத்துக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் இதைத்தான் பேசுவார்கள், நான் செத்த பிறகும் பேசுவார்கள் என்று நடுங்கிப்போனேன்.

“சொன்னேன்ல” என்றாள் அண்ணி.

என் முதுகில் தண்ணீர் ஏறியது. இடுப்பு, விலா, தோள். பின்னால் சரளைமேட்டில் தரைதட்டி, டியூபைத் தலையில் சுமந்து நடந்துகொண்டிருந்த இன்னொரு கூட்டத்தின் வழிகாட்டி கூப்பிட்டான்.

“எலிசியோ, என்னடா பண்ணுன? தண்ணி ஏறுது.”

“நான் ஒண்ணும் பண்ணல. மிஸ் எர்னி உக்காந்திருக்காங்க.”

எலிசியோ என்னிடம் நீந்திவந்தான். இழுத்து வெளியே போடப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“மிஸ், கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சு உக்காருவீங்களா? அந்தப் பக்கம் ஒழுகுது.”

முப்பத்தோரு வருஷ வேலையில் ஒருவர்கூட என்னை இன்னும் கொஞ்சம் உட்காரச் சொன்னதில்லை. சாய்ந்தேன். ஆறு நின்றது. எங்கள் சங்கிலி மிதந்தது, பின்னால் வந்த கூட்டமும் டியூபில் ஏறி மிதந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் குகையே மிதந்திருக்கும்.

“இப்ப போலாமா மிஸ்?” என்று கேட்டுவிட்டு, எலிசியோ என் டியூபைக் காலால் ஓங்கி உதைத்தான்.

தேக்கிவைத்த தண்ணீர் மொத்தமும் ஒரே அலையாகக் கிளம்பியது. மூச்சு விடுவதற்குள் இரண்டு கூட்டமும் சேர்ந்து பதினைந்து பேரும் வெயிலுக்குள் வந்து விழுந்தோம். எதிர்க்கரையில் நின்ற குதிரை ஒன்று தொப்பலாக நனைந்து என்னை முறைத்தது.

அண்ணி கரையேறினாள். உட்காரப் போனவள், தரையைத் தொட்டதும் துள்ளி எழுந்தாள்.

எலிசியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

“மிஸ் எர்னி, அடுத்த கூட்டம் பன்னெண்டு பேரு நிக்குறாங்க. நீங்க வரலன்னா பாதி வழி டியூபத் தூக்கிட்டு நடக்கணும். இன்னொரு தடவ வரீங்களா?”

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் கையை நீட்டினாள்.

“செருப்பக் குடு.”

செருப்பையும் கண்ணாடியையும் கொடுத்தேன். எங்களுக்காகக் கரைக்கு வந்து நின்ற வண்டியிலிருந்து பையை எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டேன்.

“பீன்ஸ் சோத்தத் தீத்துடாதீங்க அண்ணி.”