வலது பக்கத் துரு

தம்பி சிவன் ஆக்லாந்துக்குக் குடிபோகிறான் என்பதை நரேந்திரா எப்படியோ விழுங்கிவிட்டான். ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுவருஷம் அது. லவுத்தோக்கா ஊரில் விசா கிடைத்தவன் மூட்டை கட்டினான், கிடைக்காதவன் கட்டுகிறவனை வேடிக்கை பார்த்தான். அண்ணன் தம்பி இரண்டு பேரும்தான் மனுப் போட்டார்கள். ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற தம்பிக்குக் கிடைத்தது, கார்களுக்குத் தகரம் தட்டுகிற அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. அதையும் விழுங்கினான். ஆனால் அப்பாவின் பழைய மோரிஸ் மைனர் காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று தம்பி வந்து நின்றபோது நரேந்திராவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்தக் கார் அவனுக்கு வந்திருக்க வேண்டியது. கரும்பு அமோகமாக விளைந்த வருஷத்தில் அப்பா வாங்கியது, வெளிர்பச்சை நிறம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைக் கழுவித் துடைத்ததும், கரும்புக் காட்டில் சிக்கியபோதெல்லாம் முழங்கால் சேற்றில் நின்று தள்ளியதும் பெரியவன்தான். சின்னவன் உள்ளே உட்கார்ந்து ஹார்ன் அடிப்பான். கடைசியில் அப்பா சாவியைச் சின்னவன் கையில் கொடுத்துவிட்டார். "ஒனக்குத்தான் தகரம் தட்டத் தெரியுமே, நீ ஒண்ணு செஞ்சுக்குவே" என்று பெரியவனைப் பார்த்துச் சிரித்தார். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தச் சிரிப்பு மட்டும் அவனுக்கு ஆறவில்லை.

"துருவ மட்டும் நீதான் பாக்கணும், அண்ணே" என்றான் சிவன். "வேற ஆள் கையில அப்பாவோட காடியக் குடுக்க மனசு வரல. அங்க காடிய செக் பண்றவன் ஸ்க்ரூட்ரைவரால குத்திப் பாப்பானாம். ஓட்டை இருந்தா ரோட்டுல விடவே மாட்டானாம்."

"விடவே மாட்டானா?" என்று கேட்டான் நரேந்திரா. கேட்கும்போதே அவனுக்கு நாக்கு இனித்தது.

துருப்பிடித்த தகரத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகட்டை வெல்டு வைப்பது நேர்மையான வேலை. ஓட்டைக்குள் பழைய பேப்பரைத் திணித்து, மேலே பட்டியை அப்பி, வழவழவென்று தேய்த்துப் பெயிண்ட் அடிப்பது இன்னொரு வேலை. யாராவது குத்திப் பார்க்கும்வரை இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நரேந்திரா பட்டியைத்தான் வாங்கி வந்தான். அங்கே நாலு பேர் முன்னால் தம்பி அசடு வழிய நிற்க வேண்டும், அப்பாவின் கார் அந்நிய ஊர்க் கொட்டகையில் நகராமல் கிடக்க வேண்டும். நல்ல மனுஷன் நினைக்கிற நினைப்பா இது? இல்லைதான். ஆனாலும் அன்றைக்கு அவனுக்குச் சோறு நன்றாக இறங்கியது.

மறுநாள் காலையில் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தான். கதவுக்குக் கீழே காரின் நீளத்துக்கு ஓடுகிற சட்டத்தை இடது பக்கம் தட்டினால் கணீரென்றது. வலது பக்கம் தட்டினான். சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. டிரைவர் கதவின் அடிப்பாகமும் அதற்கு நேர் கீழே இருந்த சட்டமும் அப்பளமாக நொறுங்கின. நரேந்திராவுக்குப் புரியவில்லை. கடல் காற்றில் வருகிற துரு இரண்டு பக்கமும் வரும், சேற்றில் வருகிற துரு சக்கரத்தை ஒட்டி வரும். ஒரே ஒரு கதவை மட்டும் தேடி வந்த துருவை அவன் இதுவரை பார்த்ததில்லை.

கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றிக் கையை விட்டான். ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் ஒரு துணி முடிச்சு. உள்ளே காய்ந்த மிளகாய்த் தோலும் கரைந்தது போக மிச்சமிருந்த கல்லுப்பும். மழைக்கு மழை உப்பு கசிந்து கதவடியில் ஓடி, கீழே சொட்டிச் சொட்டி எல்லாவற்றையும் தின்றிருந்தது. முடிச்சுத் துணியைத் திருப்பிப் பார்த்தான். காக்கிச் சட்டையின் பை. அதில் சிவப்பு நூலால் தைத்த பொத்தான். அவனுடைய சட்டை.

"மோகினி!"

அவன் மனைவி ரொட்டி மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்தாள். முடிச்சைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இத யாரு வச்சது?"

"நான்தான். கண்ணாடிச் சந்து வழியா உள்ள போட்டேன், கண்ணு படக்கூடாதுன்னு."

"எவன் கண்ணு?"

மோகினி அந்தக் காக்கித் துணியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"மாமா சாவியக் குடுத்த அன்னைக்கு நீங்க அந்தக் காடியப் பாத்த பார்வைய நான் பாத்தேன்" என்றாள். "சிவன் பொண்டாட்டி புள்ளைங்கள அதுலதான் ஏத்திக்கிட்டுப் போறாரு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? உங்க துணியிலயே கட்டி வச்சா உங்க கண்ணு தணியும்னு நெனைச்சேன்."

"உப்பு தகரத்தத் தின்னும்னு தெரியாதா ஒனக்கு? என்னக் கட்டிக்கிட்டு இத்தன வருஷம் இதையே பாத்துக்கிட்டு இருக்கியே!"

"உங்க கண்ணு தின்னுடும்னுதாங்க பயந்தேன். உப்பப் பத்தி யாரு நெனைச்சா?"

அவன் கவிழ்த்து வைத்த டின் மேல் உட்கார்ந்தான். "சிவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா காடியக் கொண்டாந்து உங்ககிட்ட விடுவாரா?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நரேந்திரா மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததாக நினைத்ததை இவள் என்றைக்கோ பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பட்டி டப்பாவை எட்டி உதைத்தான், அது உருண்டு வாழையடியில் போய் நின்றது. பிறகு தகரம் அறுக்கிற கிரைண்டரை எடுத்தான்.

பொறாமை போய்விட்டதா என்றால், அது எங்கே போகும்? அரித்த தகரத்தை வெட்டும்போதும், புதுத் தகட்டை வளைத்துத் தட்டும்போதும், வெல்டிங் பொறி பறக்கும்போதும் அவன் வாய் சிவனைக் கரித்துக் கொட்டிக்கொண்டேதான் இருந்தது. ஹார்ன் அடித்தவனுக்குக் காராம், தள்ளினவனுக்குத் தகரமாம். ஆனால் கை ஒரு இடத்திலும் ஏமாற்றவில்லை. எல்லாம் முடிந்த பிறகு பெரிய ஸ்க்ரூட்ரைவரை எடுத்துப் பலம் கொண்டமட்டும் அவனே குத்திப் பார்த்தான். முனைதான் வழுக்கியது.

பெயிண்ட் காய்ந்ததும் கதவின் அட்டையை மாட்டக் கையில் எடுத்தவன், மாட்டாமல் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"மோகினி, கொஞ்சம் உப்பும் மெளகாயும் கொண்டா."

அவள் வாசலில் வந்து நின்றாள். "இன்னுமா?"

"இன்னும்தான். நாளைக்கு வார்ஃபுல கப்பலேத்துறப்ப நானும் நிப்பேன். என்னால பாக்காம இருக்க முடியாது." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்தத் தடவ பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டு. அதுக்கு மேல துணியச் சுத்திக்கலாம்."

"எந்தத் துணிய?"

நரேந்திரா போட்டிருந்த சட்டையின் பையைத் தன் கையாலேயே கிழித்து அவளிடம் நீட்டினான்.