வகுக்கும் எண்

அட்லஸ் மலையடிவாரக் கல்வி அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் இத்தோ, திஸ்கி கிராமத்துக்கு ஒரு பேருந்து கிடைக்க வேண்டும் என்றுதான் அந்தக் கணக்கில் கை வைத்தாள்.

ஆறாம் வகுப்புத் தேர்வில் முதலிடம் பெறும் பள்ளிக்குப் பேருந்து. ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழே போகும் பள்ளிக்குப் பூட்டு. முதலிடம் எப்போதும் அஸ்கூர் பள்ளிக்கே. அங்கே முப்பது பிள்ளைகள். படிப்பு வராத பத்துப் பேருக்குத் தேர்வு நாளில் தவறாமல் காய்ச்சல் வரும். எழுதிய இருபதில் பதினெட்டுத் தேர்ச்சி, தொண்ணூறு. திஸ்கியிலோ எட்டுப் பேரும் எழுதினார்கள், ஆறு பேர் தேறினார்கள், எழுபத்தைந்து.

விழுக்காட்டில் மேலே உள்ள எண்ணைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். சூட்சுமம் கீழே இருக்கிறது. எழுதியவர்களால் வகுக்காமல் பதிவேட்டில் உள்ளவர்களால் வகுத்தால் அஸ்கூர் அறுபதுக்கு இறங்கிவிடும், திஸ்கி அசையாது. பேருந்து வந்தால் திஸ்கிப் பெண்கள் பதினாலு கிலோமீட்டர் கீழே போய் மேலே படிக்கலாம்.

"காய்ச்சலுக்கே மருந்து கண்டுபிடிச்சிட்டியேம்மா!" என்று சிரித்தபடி, அவள் எழுதிக் கொடுத்த குறிப்பில் இயக்குநர் கையெழுத்திட்டு, மாகாணத்துக்கும் அனுப்பிவிட்டார்.

மறுநாள் திஸ்கித் தலைமையாசிரியர் பாஸு பதிவேட்டோடு வந்தார். இத்தோ எண்ணினாள். பதினாலு பெயர்கள்.

"எட்டுன்னுதானே சொன்னீங்க மாஸ்டர்?"

"பரீட்சைக்கு உக்காந்தது எட்டு, லல்லா." அந்தப் பக்கத்தில் பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள். " மிச்சம் ஆறு பொண்ணுங்க. நாலு மராக்கேஷ்ல வீட்டு வேலை. ரெண்டுக்கு நிச்சயம் ஆயிடுச்சு."

"பேரை அடிச்சிருக்கலாமே?"

"பதிவேட்டுல பன்னெண்டு பேருக்குக் கீழ போனா வாத்தியாரைத் தூக்கிடுவீங்க. வருஷா வருஷம் சீல் போட்டது நீங்கதானே, தெரியாதா?"

அவள்தான் போட்டிருந்தாள், ஒருமுறைகூட எண்ணிப் பார்க்காமல்.

இயக்குநரிடம் ஓடினாள். "சார், இந்த வருஷம் மட்டும் பழைய கணக்கு..."

"பழைய கணக்கு மோசடின்னு எழுதினதே நீதான். இப்ப மாத்தினா என் கழுத்துக்கு வரும். வேணும்னா அந்த ஆறு பேரையும் அடிச்சிடு."

அடித்தால் எட்டு, ஆசிரியர் இல்லை. அடிக்காவிட்டால் ஆறின் கீழ் பதினாலு. எப்படிப் பார்த்தாலும் பூட்டுதான்.

அறிவிப்புப் பலகையில் அவளே பட்டியலை ஒட்டினாள். அறுபதோடு அஸ்கூர் முதலிடம், பேருந்தும் அதற்கே. கடைசி வரியில் திஸ்கி, 42.9.

பாஸு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெருங்கிப் பார்த்தார்.

"புள்ளிக்கு அப்புறம் ஒரு ஒன்பது நிக்குதே லல்லா, அது எங்க பொண்ணுங்கள்ல யாரு?"

இத்தோ கையில் ஒட்டியிருந்த பசையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.