போக்னா ஏறாத பின் இருக்கை

பெஸ்கிடி மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பட்டறையில், எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர்களைச் செய்வார்கள்; அங்கே ஒரு வழக்கம் உண்டு. இறக்கையின் பசை ஒட்டைச் சோதித்தவர்தான் முதல் பறப்பில் விமானியின் பின்னால் உட்கார வேண்டும்.

"தலை சுத்துது," என்றாள், புதுக் கிளைடரின் இறக்கையைச் சோதித்த போக்னா.

பசை பூசும் ரெமெக் சிரித்தான். "நேத்து வோட்கா ஜாஸ்தியா, அக்கா? நகரு, நான் போறேன். நீ பாத்து சரின்னு சொன்ன இறக்கை, எனக்கென்ன பயம்?"

பாராசூட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

அவளுக்குத் தலை சுற்றவில்லை. ஒட்டின் உட்புறத்தை எதிரொலியால் சோதிக்கும் மீயொலிக் கருவியை இறக்கையில் ஓட்டுமுன், நன்றாக ஒட்டியதென்று தெரிந்த பழைய துண்டு ஒன்றில் வைத்து, நல்ல ஒட்டின் எதிரொலி எப்படி என்று அளவு பிடிக்க வேண்டும். சோம்பலில் அவள், இறக்கைக்குக் கலக்கிய அதே பசையால் ஒட்டிய புதுத் துண்டில் பிடித்துவிட்டாள். இறக்கையின் எதிரொலி அதோடு அப்படியே பொருந்தியது. சரி என்று எழுதினாள். இன்று காலை அந்தத் துண்டை நெம்பிப் பார்த்தபோது அவித்த உருளைக்கிழங்கின் தோலைப்போல உரிந்து வந்தது. பசையே கெட்டது. துண்டும் இறக்கையும் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தன.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் எல்லார் முன்னாலும், "கண்ணை மூடிட்டு பூசறவனுக்கு கண்ணாடி ஒரு கேடா?" என்று ரெமெக்கைக் கேட்டவள் அவள். அந்த நாக்கு இப்போது எழவில்லை. ஒருவேளை தாங்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தன் உயிருக்குப் போதாத அந்த 'ஒருவேளை' ரெமெக்கின் உயிருக்குப் போதும் என்று விட்டுவிட்டாள்.

கிளைடரை வானில் ஏற்ற இழுக்கும் கயிற்றை மாட்டினார்கள். இறக்கை நுனியைப் பிடித்திருந்த உதவியாள் அதைச் சமமாகத் தூக்கினான். நுனி தரையில் கிடந்தால் கயிற்றை இழுக்க மாட்டார்கள். போக்னா ஓடிப்போய் அவன் கையிலிருந்து நுனியைப் பிடுங்கிப் புல்லில் அழுத்தினாள்.

"என்னம்மா இது?" என்று கத்தினார் விமானி ஓல்கெர்ட்.

"ஒட்டு கெட்டிருக்கு. தப்பான துண்டுல அளவு பிடிச்சிட்டேன்."

"எப்ப தெரிஞ்சுது?"

"காலையில."

ஓல்கெர்ட் கயிற்றைக் கழற்றிவிட்டார். ரெமெக் வார்களை அவிழ்க்க நெடுநேரம் எடுத்துக்கொண்டான். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் இறங்கி வந்து, மெதுவாகத்தான் கேட்டான்.

"அதான் நீ ஏறலையா?"

ஆமென்று தலையசைத்தாள். கையை நுனியிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. எடுத்தால் நிமிர வேண்டும், நிமிர்ந்தால் அவன் முகம்.