போன இடம்

மதியம் மருந்துக்கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவள் செல்பேசியைத் திறந்தாள். தையற்காரி என்ற புனைபெயரில் இருந்தவள் எழுதியிருந்தாள்: “அக்கா, மழைக்கோட்டுக்கு மட்டும் என் புது முகவரியச் சொல்லிடுங்க. அவ இல்லேன்னா நான் என்னிக்கோ திரும்பிப் போயிருப்பேன்.”

வீட்டைவிட்டு வெளியேறிய, வெளியேற நினைக்கிற பெண்களுக்காக மருந்துக்கடையில் இருந்தவளும் அவள் தங்கையும் இணையத்தில் நடத்திவந்த சின்ன சர்வர், புனைபெயரில் எழுதிப் பேசிக்கொள்ளும் இடம், அன்று மாலையோடு மூடப்படுகிறது. தங்கைக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. அதைப் பராமரிக்க வேறு யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் தெரிந்தவர் ஒருவரின் சர்வருக்குக் குடிபோய்விட்டார்கள். பழைய கணக்கை அங்கே மாற்றினால் பின்தொடர்கிற அத்தனை பேரும் தானாகக் கூடவே வந்துவிடுவார்கள். தையற்காரிக்கு அதுதான் பயம். அவள் புருஷன் பழைய கணக்கைக் கண்டுபிடித்துவிட்டான். பின்தொடர்கிறவர்களில் ஏதோ ஒரு பெயருக்குள் அவனும் ஒளிந்திருக்கலாம். அதனால் ஓசைப்படாமல் வேறு பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கிக்கொண்டாள். அவளுடைய தோழிகளை ஒவ்வொருவராக அழைத்து, குரல் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே சர்வரை நடத்திய இவள் அந்தக் கணக்கின் முகவரியைச் சொன்னாள். மிச்சம் இருந்தது மழைக்கோட்டு என்ற பெயரில் எழுதுகிற ஆள் மட்டும். அந்தக் குரலை இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒரு நிமிஷம் ஃபோனில் பேச முடியுமா என்று மழைக்கோட்டிடம் இவள் எழுதிக் கேட்டாள். பதில் உடனே வந்தது. “ஃபோன் வேணாங்க. அவரு வீட்லதான் இருக்காரு. அவ எங்க போனான்னு மட்டும் சொல்லுங்க.”

மாட்டிக்கொண்ட ஒரு பெண் இப்படித்தான் எழுதுவாள். பெண் மாதிரி எழுதத் தெரிந்த ஆணும் இப்படித்தான் எழுதுவான். தங்கை அழைத்து, சர்வரை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்று சொல்லி வைத்துவிட்டு, யோசித்து யோசித்துத் தட்டினாள்: “நீங்க எந்த சர்வருக்குப் போறீங்கன்னு சொல்லுங்க. அவளே வந்து உங்களக் கூப்பிடுவா.”

மூட்டுவலி மாத்திரை கேட்டு வந்த பெரியவருக்கு, எடுத்து வைத்த அட்டையை மறுபடி மறுபடி சரிபார்த்துக் கொடுத்தாள். அவர் போனதும் திரை ஒளிர்ந்தது.

“நான் எங்க போவேன் அக்கா? எனக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு.”

முதல் முறையாக அக்கா என்கிறாள். அல்லது என்கிறான். தங்கையின் அழைப்பு மறுபடி வந்தது. எடுக்காமல் நிமிர்ந்தாள். கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மருந்துக்கு வந்தவனோ, வேறு எதற்கு வந்தவனோ, முன்பின் பார்த்திராத ஒருவன், வெயில் கூசாமல் இருக்க இரண்டு கைகளையும் முகத்துக்குப் பக்கத்தில் குவித்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.